இரசாயனவியல் விசேட பட்டம், கடைசி வருடம்: சம்பளத்தோடு ஆய்வு செய்ய வழி இருக்கிறதா?

கொட்டாஞ்சேனைப்பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். நான் கொழும்புக் கம்பஸில் இரசாயனவியல் விசேட பட்டம் படிக்கிறேன், நான்காம் வருடம். இன்னும் சில மாதங்களில் கடைசிப் பரீட்சை. இப்போது ஆய்வுச் செயற்றிட்டம் நடக்கிறது. உலர் வலயக் கிணற்று நீரில் இருக்கிற புளோரைட்டை, பதப்படுத்திய களிமண்ணால் அகற்ற முடியுமா என்று பார்க்கிறோம். இந்த நான்கு வருடத்தில் எனக்கு உண்மையாகவே பிடித்த வேலை இதுதான். ஆய்வுகூடத்தை, அதாவது லெப்பை, மூடும்வரைக்கும் இருந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன்.

வீட்டு நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். அப்பா செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் கணக்கு எழுதுகிறார். தம்பி இந்த முறை ஏ.எல். எடுக்கிறான். நான் சனி, ஞாயிறு ஓ.எல். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் ரியூஷன் கொடுக்கிறேன், மஹாபொல உதவித்தொகையும் கிடைக்கிறது. பட்டம் முடிந்ததும் மஹாபொல நின்றுவிடும். வீட்டில் யாரும் நெருக்கவில்லை, ஆனால் நான் உழைக்கத் தொடங்க வேண்டும் என்று எனக்கே தெரியும்.

காலி வீதியில் ஒரு மாணவர் முகவர் அலுவலகத்தில் விசாரித்தேன். இங்கிலாந்தில் ஒரு வருட முதுமாணி, கட்டணமும் இருப்புச் செலவுமாக 70 இலட்சத்துக்கு மேல் வரும், வங்கிக் கடன் எடுக்கலாம், வீட்டு உறுதியை வைக்கலாம் என்றார்கள். எங்களுக்குச் சொந்த வீடே இல்லை.

இணையத்தில் தேடினால் மாணவர்களுக்கு உதவித்தொகையோடு கோடைகால ஆய்வுப் பயிற்சி என்று நிறைய வருகிறது. அதற்கு நாங்கள் விண்ணப்பிக்கலாமா? கடன் எடுக்காமல் மேலே படிக்க வழி இருக்கிறதா? அனுபவமுள்ள அக்காமார், அண்ணாமார் சொல்லுங்கள்.

பியகமவிலிருந்து:

தங்கச்சி, நான் உங்கள் துறைதான், கொஞ்சம் மூத்த பெச். பியகம வர்த்தக வலயத்தில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு லெப்பில் இருக்கிறேன். முதலில் ஒரு வேலையில் சேருங்கள். தம்பி ஏ.எல். முடித்துக் கம்பஸ் போகும்வரைக்கும் வீட்டில் ஒரு நிலையான சம்பளம் இருக்கட்டும். தொழிற்சாலையில் இருந்தால் படிப்பு போய்விடும் என்று நினைக்க வேண்டாம். கருவிகளில் தினமும் கை பழகும், பிரித்தானியாவின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்கிறார்கள், அதற்கும் இது சேரும். என் கூட வேலை செய்த ஒருவர் அப்படித்தான் போனார். கடன் மட்டும் வேண்டாம்.

பொரளை அக்கா:

தங்கச்சி, உங்கள் பதிவை வாசித்துவிட்டு உடனே எழுத வேண்டும் போல் இருந்தது. நான் இதே பீடத்தில் படித்து, கொழும்பிலேயே ஒரு ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராக வேலை செய்து, பிறகு அமெரிக்காவில் கலாநிதிப் பட்டம் முடித்துத் திரும்பி வந்தவள். இப்போது இங்கே ஒரு ஆய்வுகூடத்தில் இருக்கிறேன், உங்களைப் போன்ற பிள்ளைகளை வேலைக்கு எடுக்கிற பக்கத்தில். அந்த 70 இலட்சத்தை நீங்கள் கட்டத் தேவையில்லை. இரசாயனவியல் மாதிரி லெப் வேலை உள்ள துறைகளில், கலாநிதிப் பட்டம் செய்ய வருகிறவருக்குப் பல்கலைக்கழகமே சம்பளம் கொடுக்கிறது. அமெரிக்காவில் விசேட பட்டத்தோடு நேரடியாகவே கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம், இடையில் முதுமாணி தேவையில்லை. முகவர் இதைச் சொல்லாததில் ஆச்சரியமில்லை. கட்டணம் கட்டுகிற மாணவரைச் சேர்த்துவிட்டால்தான் அவர்களுக்குத் தரகு கிடைக்கும்.

கோடைகாலப் பயிற்சி பற்றி நேராகச் சொல்கிறேன், உங்கள் நேரம் மிச்சமாகட்டும். அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றம் நிதி கொடுக்கிற ஆர்.இ.யு. என்ற இளமாணி மாணவர் ஆய்வுத் திட்டங்கள்தான் தேடலில் முதலில் வரும். அவை அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கும் மட்டும். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் நடத்துகிற ரைஸ் பயிற்சி வட அமெரிக்கா, பிரித்தானியா, அயர்லாந்து மாணவர்களுக்கு. அறிவித்தலில் முதலில் தகுதிப் பகுதியைப் பாருங்கள், உதவித்தொகைப் பகுதியைப் பிறகு வாசிக்கலாம். எந்த நாட்டவரும் போகக்கூடிய இடங்களும் இருக்கின்றன. ஜப்பானில் ஒகினாவா விஞ்ஞான தொழினுட்ப நிறுவனம் தினப்படி, தங்குமிடம், விமானச் செலவு எல்லாம் கொடுத்து மாணவர்களை ஆய்வுப் பயிற்சிக்கு எடுக்கிறது. அதைக் கட்டாயம் பாருங்கள்.

ஆனால் உங்களுக்கு உடனே கைகொடுப்பது கொழும்பில்தான் இருக்கிறது. பட்டம் முடிந்த கையோடு ஒரு வருடமாவது சம்பளத்தோடு ஆய்வு உதவியாளராகச் சேருங்கள். மெயிட்லண்ட் பிளேஸில் இருக்கிற தேசிய விஞ்ஞான மன்றமும், தேசிய ஆராய்ச்சி சபையும் பேராசிரியர்களுக்குக் கொடுக்கிற ஆய்வு மானியங்களில், உதவியாளருக்கான கொடுப்பனவு தனியாக ஒதுக்கப்பட்டு வருவதுண்டு. அந்தக் காசில்தான் ஆட்களை எடுக்கிறார்கள். பத்திரிகையில் விளம்பரம் வரும் என்று காத்திருந்தால் பாதி இடம் போய்விடும். துறை அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டுவார்கள், அல்லது பேராசிரியர் தனக்குத் தெரிந்த இரண்டு பேரிடம் சொல்லுவார், அவ்வளவுதான். ஆகவே நீங்களே போய்க் கேட்க வேண்டும். உங்கள் பீடத்தில் மட்டும் நிற்காதீர்கள். குமாரதுங்க முனிதாச மாவத்தையில் உயிர் இரசாயன, மூலக்கூற்று உயிரியல் நிறுவனம் இருக்கிறது. பிறகு கைத்தொழில் தொழினுட்ப நிறுவனம். நீர், உணவு, மூலிகை என்று உங்கள் கைக்குப் பொருந்துகிற லெப்கள் அங்கே உண்டு. ஹோமாகமவில் நனோ தொழினுட்ப நிறுவனம், 138 பஸ்ஸில் போகலாம், கொஞ்சம் நீண்ட பயணம். பதப்படுத்திய களிமண்ணில் வேலை செய்கிற பிள்ளை என்றால் அங்கே ஆர்வமாகக் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தையும் மறக்க வேண்டாம்.

சேர முன்னர் சிலதைக் கேட்டுத் தெளிவாக்குங்கள். மானியம் இன்னும் எத்தனை மாதத்துக்கு இருக்கிறது, முதுதத்துவமாணிக்கு (எம்.பில்.) பதிய விடுவார்களா, பதிந்தால் கட்டணம் யார் கட்டுவது, கட்டுரை வெளிவந்தால் உங்கள் பெயர் எங்கே வரும். இதையெல்லாம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நல்ல மேற்பார்வையாளர் கோபிக்க மாட்டார். மானியக் காசு மாதா மாதம் ஒழுங்காக வராது என்பதையும் வீட்டில் முதலிலேயே சொல்லி வையுங்கள். நான் வேலை செய்த இடத்தில் நிதி விடுவிப்பு தாமதித்து, சில மாதச் சம்பளம் சேர்ந்து ஒன்றாக வந்தது. அந்த மாதங்களில் என்னைக் காப்பாற்றியது சனிக்கிழமை ரியூஷன்தான். ஆகவே ரியூஷனை விட்டுவிடாதீர்கள்.

பியகம அண்ணா சொன்னதை நான் மறுக்கவில்லை. வீட்டில் இந்த மாதமே காசு வேண்டும் என்றால் தொழிற்சாலைதான் சரி. ஆனால் லெப் மூடும்வரைக்கும் இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒரு வருட ஆய்வு வேலை கொடுக்கிறதைத் தொழிற்சாலை கொடுக்காது. கலாநிதிப் படிப்புக்குப் பெரும்பாலும் மூன்று பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். "வகுப்பில் நல்ல மாணவி" என்று எழுதுகிற கடிதத்தால் பெரிய பயன் இல்லை. உங்கள் கை வேலையைப் பார்த்த ஒருவர், இந்தப் பிள்ளை தவறான அளவீடு ஒன்றை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று எழுதினால் அதை எடுத்துப் படிப்பார்கள்.

பேராசிரியருக்கு எழுதுகிற மின்னஞ்சலிலும் இதுதான் விஷயம். எனக்கு வருகிற மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மணி, உங்கள் உன்னத ஆய்வில் இணைய ஆவலாக உள்ளேன், இணைப்பில் என் சுயவிபரம். யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம், ஆகவே யாரும் பதில் போட மாட்டார்கள். நீங்கள் உங்கள் புளோரைட் வேலையிலிருந்தே தொடங்குங்கள். களிமண்ணிலிருந்து கொஞ்சம் அலுமினியம் நீருக்குள் கரைந்து வரும். அந்த அலுமினியம் புளோரைட்டைப் பிடித்துக்கொண்டால், புளோரைட்டை அளக்கிற இலெக்ட்ரோட் அதைக் காணாது, அளவு குறைவாகக் காட்டும். களிமண் நன்றாக வேலை செய்துவிட்டது என்று நாம் நம்பிவிடுவோம். அதனால்தான் அந்தப் பிடியிலிருந்து புளோரைட்டை விடுவிக்கிற டிசாப் என்ற தாங்கற் கரைசலைச் சேர்த்து, பி.எச். பெறுமானத்தை 5க்கும் 5.5க்கும் இடையில் வைத்து அளக்கிறோம். உங்கள் மாதிரிகளில் டிசாப் போதுமானதாக இருந்ததா என்று எப்படிச் சரிபார்த்தீர்கள்? தெரிந்த அளவு புளோரைட்டைச் சேர்த்து, அது முழுவதும் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்தீர்களா? இதை நான்கு வரியில் எழுதி, அவருடைய அண்மைக் கட்டுரையில் உங்களுக்கு வந்த ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்புங்கள். ஒரு பக்கத்துக்குள் முடியட்டும். அப்படி ஒரு மின்னஞ்சல் எனக்கு வந்தால் அன்றைக்கே பதில் எழுதுவேன்.

இனி அமெரிக்க விண்ணப்பம். ஆகஸ்டில் படிப்பு தொடங்குகிற இடங்களுக்கு முந்திய டிசம்பர், ஜனவரியில் விண்ணப்பம் முடிந்துவிடும். பெரும்பாலும் ஏப்ரல் 15க்குள் சேருவதா இல்லையா என்று நீங்கள் பதில் சொல்ல வேண்டும். இரசாயனவியலில் எடுத்தார்கள் என்றால் கல்விக் கட்டணத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், அதற்கு மேல் உதவித்தொகை. ஆண்டுக்கு ஏறத்தாழ 25,000 முதல் 40,000 டொலர் வரை, ஊருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஏற்றபடி. அதற்காக முதல் வருடங்களில் அங்கே இளமாணி மாணவருக்கு லெப் வகுப்பு எடுப்பீர்கள், வாரம் 20 மணித்தியாலம் வரை. ரியூஷன் கொடுத்துப் பழகின உங்களுக்கு அது பாரமாக இருக்காது. பெரிய நகரம் என்றால் வாடகையிலேயே பாதி போய்விடும். நான் ஒரு சிறிய ஊரில் இருந்தேன், அறையை ஒரு நேபாளப் பிள்ளையோடு பகிர்ந்தேன், வீட்டுக்கும் அனுப்பினேன்.

கையிலிருந்து போகிற காசு விண்ணப்ப நேரத்தில்தான். பல இடங்களில் ஒரு விண்ணப்பத்துக்கு 50 முதல் 100 டொலர் வரை கேட்கிறார்கள், நமக்கு அது பெரிய காசு. கட்டண விலக்கு உண்டா என்று துறையின் பட்டமேற்படிப்பு இணைப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள். எனக்கு இரண்டு இடம் விலக்குக் கொடுத்தது. பட்டமேற்படிப்பு நுழைவுக்கான ஜி.ஆர்.ஈ. பரீட்சையைப் பல இரசாயனவியல் துறைகள் இப்போது கேட்பதில்லை. நம் பட்டம் ஆங்கில மொழிமூலம் என்பதற்குப் பல்கலைக்கழகம் கொடுக்கிற கடிதத்தைச் சில இடங்கள் ஏற்கின்றன, அங்கே ஐ.ஈ.எல்.ரி.எஸ். தேவைப்படாது. தேவைப்பட்டாலும் அவசரப்பட்டு இப்போதே எழுத வேண்டாம், பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். இடம் கிடைத்த பிறகு விசாவுக்காக, வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டொலர், விசா விண்ணப்பம் 185 டொலர், அப்புறம் விமானச் சீட்டு. அதற்கு மட்டும் ஆய்வு உதவியாளர் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி வையுங்கள். கொள்ளுப்பிட்டியில் புல்பிரைட் ஆணைக்குழு இருக்கிறது. அமெரிக்கப் படிப்புக்கான ஆலோசனை அங்கே கிடைக்கும், முகவரிடம் போகத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2025இல் அமெரிக்காவில் ஆய்வு நிதியை வெட்டியதால் பல துறைகள் புதிதாக எடுக்கிற மாணவர் எண்ணிக்கையைக் குறைத்தன. அந்த ஒரு நாட்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஐரோப்பாவில் இராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுமாணிப் புலமைப்பரிசில் கிடைத்தால் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோவும் தருகிறார்கள். நீர், சூழல், பதார்த்தம் பற்றிய பாடநெறிகள் அதில் உண்டு. ஜெர்மனியில் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை என்பார்கள், உண்மைதான். ஆனால் சொந்தச் செலவில் முதுமாணிக்குப் போகிறவர் விசாவுக்காக ஒரு வருடச் செலவை, 11,904 யூரோ, முடக்கிய வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும். உங்கள் நிலைமைக்கு அது சரிவராது. முதல் வகுப்பு வந்தால் அவுஸ்திரேலியாவும் நேரடியாகக் கலாநிதிக்கு யோசிக்கலாம்.

கொட்டாஞ்சேனைப்பிள்ளை:

அக்கா, இவ்வளவு நேரம் எடுத்து எழுதினதுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. டிசாப் பற்றி நீங்கள் கேட்டதை இன்றைக்கு லெப்பில் செய்து பார்த்தேன். மூன்று மாதிரிக்குப் புளோரைட் சேர்த்துத் திரும்ப அளந்தோம். இரண்டு சரியாக வந்தது, அமிலத்தால் பதப்படுத்திய களிமண்ணில் மட்டும் குறைவாக வருகிறது. மேற்பார்வை செய்கிற சேரிடம் காட்டினேன், டிசாப்பைக் கூட்டிப் பார்ப்போம் என்றார்.

இன்னும் இரண்டு கேள்வி. எனக்கு முதல் வகுப்பு வராது, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு வரும் போல இருக்கிறது. அது போதுமா? மற்றது, அப்பா. இன்றைக்குப் பின்னேரம் சொன்னேன். படிக்கிறதுக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா, இது ஏதோ ஏமாற்று வேலை என்கிறார். தனியாக அனுப்பவும் பயப்படுகிறார்.

ஜப்பானிலிருந்து ஒரு அண்ணா:

நான் மெக்ஸ்ட் புலமைப்பரிசிலில் வந்தவன், வெள்ளவத்தை. ஜப்பான் அரசே தருவது. கிரகரி வீதியில் உள்ள தூதரகம் மூலம் விண்ணப்பித்தேன், எழுத்துப் பரீட்சையும் நேர்முகமும் அங்கேயே. கட்டணம் இல்லை, விமானச் சீட்டு தந்தார்கள், மாதப்படி 1,43,000 யென்னிலிருந்து தொடங்கும். எனக்கும் மேற்பிரிவுதான், முதல் வகுப்பு இல்லை. ஆய்வுத் திட்டத்தை நன்றாக எழுதுங்கள், அதைத்தான் நேர்முகத்தில் துருவித் துருவிக் கேட்டார்கள். அக்கா சொன்ன ஒகினாவா நிறுவனத்தில் கலாநிதிப் படிப்பும் உண்டு, முதுமாணி இல்லாமலே எடுக்கிறார்கள், எல்லாருக்கும் உதவித்தொகை. முழுக்க ஆங்கிலம். தங்கச்சி, மெக்ஸ்ட் அறிவித்தல் வழமையாக ஏப்ரல், மே அளவில் வரும், தூதரகப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

பொரளை அக்கா:

அந்த மூன்றாவது மாதிரியைப் பார்த்துவிட்டீர்களே, எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம். அதை ஆய்வறிக்கையில் மறைக்காமல் எழுதுங்கள். திருத்தின முறையையும் சேர்த்து எழுதினால் நாளைக்கு ஒரு பேராசிரியருக்குச் சொல்ல உங்களிடம் ஒரு நல்ல விஷயம் இருக்கும்.

மேற்பிரிவு போதும். சில இடங்கள் கழிக்கும், பல இடங்கள் கழிக்காது. ஆய்வு அனுபவமும் கடிதங்களும் பலமாக இருந்தால் அதை மூடிக்கொண்டு போகும். நான் இப்போது உதவியாளர் எடுக்கும்போது வகுப்பைக் கடைசியில்தான் பார்க்கிறேன்.

அப்பாவோடு வாதாட வேண்டாம். அவர் கணக்கு எழுதுகிறவர் என்றீர்கள், ஆகவே கடிதத்தையே காட்டுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் அனுமதி கொடுக்கும்போது கட்டண விலக்கு, உதவித்தொகை, அதற்கு என்ன வேலை, எல்லாம் ஒரே கடிதத்தில் தொகையோடு இருக்கும். என் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பெயரை மறைத்துத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், அவர் வரி வரியாக வாசிக்கட்டும். எந்த இடத்திலும் காசு கட்டச் சொல்லி இல்லை என்பதை அவரே பார்ப்பார். தனியாக அனுப்பப் பயம் என்றால் அது வேறு விஷயம், அதற்கு ஒரு நாள் போதாது. அதற்கும் இந்த ஒரு வருடம் கொழும்பில் வேலை செய்வது நல்லது. நீங்கள் காலையில் போய் மாலையில் சம்பளத்தோடு வருகிற ஆளாக அவர் பார்க்கட்டும். அம்மாவும் அப்பாவும் விரும்பினால் ஒரு ஞாயிறு என்னோடு தொலைபேசியில் பேசலாம். என் அம்மாவும் பேசுவா, அவவுக்கும் அதே பயம் இருந்தது.

அப்புறம், பெறுபேற்றுப் பட்டியலின் அத்தாட்சிப் பிரதிகளுக்குப் பரீட்சைக் கிளையில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். டிசம்பர் நெருங்க எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். கைத்தொழில் தொழினுட்ப நிறுவனத்துக்கு எழுதுகிற மின்னஞ்சலை முதலில் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.

பியகமவிலிருந்து:

அக்கா சொன்னதுதான் சரி. எங்கள் லெப்பிலும் ஒரு பிள்ளை பகுதிநேரமாக முதுமாணி செய்கிறாள், அவளுக்கும் இந்த இழையை அனுப்பிவிட்டேன். தங்கச்சி, ஆய்வு வேலை கிடைக்கத் தாமதமானால் சொல்லுங்கள், எங்கள் பக்கம் வெற்றிடம் வந்தால் அறிவிக்கிறேன்.